பின்வாசல் வரைபடம்

— ராஜி, ஒரு நிமிஷம் நிறுத்துங்க. எங்க வீட்டு வாசல் இந்தப் பக்கம். வயிரவன் கோவில் தெரு. நீங்க புள்ளி வச்சிருக்கிறது அந்தப் பக்கம், சந்துக்குள்ள. மொத்த வரைபடமே தலைகீழா இருக்கு.

— தலைகீழா இல்ல அக்ஷய். நீங்க நிக்கிற எடத்துல இருந்து பாத்தா அப்பிடித் தெரியும்.

— கிண்டல் வேண்டாம். இந்த வீடு ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியுது. முன்வாசல் கோவில் தெரு. பின்வாசல் தண்ணிச் சந்து. கதவு எண் எந்தத் தெருவுக்கு?

— கோவில் தெருவுக்கு.

— வரி எந்த எண்ணுக்குக் கட்டுறோம்?

— அதுவும் கோவில் தெருவுக்குத்தேன்.

— அப்ப சிம்பிள். புள்ளியப் புடிச்சு இங்க இழுத்து வைங்க. மவுசால ஒரு இழுப்பு, அவ்வளவுதான்.

— இழுத்தா வரும். ஆனா புள்ளி மட்டுந்தேன் வரும், அதுக்குள்ள இருக்கிற ஆளுக வர மாட்டாக. உங்க முன்வாசல்ல யாரு குடியிருக்கா? பூட்டுத்தேன் குடியிருக்கு. இன்னைக்கு நீங்க வந்ததால தொறந்து கெடக்கு. நாளைக்குக் கார எடுத்தீகன்னா மறுபடி பூட்டு.

— மாநகராட்சி உங்ககிட்ட என்ன வேலை குடுத்தாங்க? அதச் சொல்லுங்க மொதல்ல.

— பழைய ஊருக்குள்ள பத்து வருசத்துல எந்த வீடு லாட்ஜாச்சு, எந்தக் கடை காபிக் கடையாச்சு, அங்க இருந்தவுக எங்க போனாக. இத மேப்புல போட்டுக் குடுன்னாக. போட்டுட்டேன். திங்கக்கெழமை கூட்டத்துல காட்டணும். அம்புட்டுத்தேன்.

— அதுல பின்வாசல் எங்கேருந்து வந்துச்சு? எந்த ஊர் மேப்புல பின்வாசல வச்சு வீட்ட எண்ணுவாங்க?

— எந்த ஊருலயும் எண்ண மாட்டாக. நான் எண்ணுனதே தெரியாமத்தேன்.

— தெரியாமயா?

— ஆமா. எங்கப்பா ஆசாரி. உங்க வீட்டு நிலைக்கதவுல கரையான் ஏறுனாலும் அவருதேன், கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டாலும் அவருதேன். பின்வாசல் வழியாத்தேன் வருவாரு. லீவு நாள்ல நானும் பின்னாலயே வருவேன். கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து ஒவ்வொரு வீடா புள்ளி வச்சேனா, விரலு தன்னால சந்துப் பக்கம் போயிருச்சு. ஒரு வட்டம் பூரா முடிச்சுட்டுப் பாத்தா, ஒரு முன்வாசல்லகூடப் புள்ளி இல்ல. என்கூட வேல பாக்கிற சிவபிரகாஷ் விழுந்து விழுந்து சிரிச்சான். 'அக்கா, ஊர்ல இருக்க பெரிய வீடு அம்புட்டுக்கும் நீங்க கொல்லப் பக்கமாவே போயிட்டு வந்திருக்கீக'ன்னான்.

— இப்ப நான் அழணுமா?

— எதுக்கு அழணும்? அடுப்படி பின்வாசல்லதேன் இருக்கு. சீடையும் அதிரசமும் மொதல்ல எங்களுக்குத்தேன் வரும். முன்வாசல்ல நின்ன ஆளுகளுக்குத் தண்ணிகூட லேட்டாத்தேன் கெடச்சிருக்கும்.

— சரி, தப்புன்னு தெரிஞ்சதுல்ல? திருத்தியிருக்கலாமே.

— திருத்தத்தேன் உக்காந்தேன். பக்கத்துல வரிக் கணக்க வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா முன்னாடி இழுத்தேன். அதுல கோவில் தெருவுல பாதி வீட்டுக்கு மேல 'பூட்டிக் கிடக்கு'ன்னு இருந்துச்சு. நான் வச்ச புள்ளியில பாத்தா அதே வீட்ல ஆளு இருக்கு. பின்கட்டுல வாடகைக்கு ரெண்டு குடும்பம், மூணு குடும்பம். அடுப்பெரியுது, கொடியில துணி காயுது. முன்னாடி இழுத்தா அம்புட்டுப் பேரும் காணாமப் போறாக. அப்பறந்தேன் வெளங்குச்சு. நான் பண்ணுன தப்புலதேன் உண்மை இருக்கு. விட்டுட்டேன்.

— அது உங்களுக்கு உண்மை. எனக்கு அது ஒரு பெரிய பிரச்சனை. விதி உங்களுக்கே தெரியும்ல?

— தெரியும். ஆளு குடியிருக்கிற வீட்ட லாட்ஜா மாத்த அனுமதி கெடையாது. இருக்கிறவுக எல்லாரும் 'நாங்களா விரும்பிப் போறோம்'னு சொன்னா மட்டுந்தேன் குடுப்பாக. ஒரு ஆளு மாட்டேன்னாலும் நின்னு போகும்.

— அதான். இந்த வீட்டக் கேட்டிருக்கிற லாட்ஜ் கம்பெனிக்காரங்க திங்கட்கிழமை முடிவுக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க. அனுமதி இல்லன்னா பக்கத்து ஊர் நெற்குப்பையில ஒரு வீடு பாத்து வச்சிருக்காங்க, அங்க போயிடுவாங்க. அப்பறம் இந்த வீட்ட எடுக்க ஆளே வராது.

— ஏன்யா அக்ஷய், நாற்காலிய இழுக்காத. தரைக் கல்லு கீறும். ஆத்தங்குடிக் கல்லு, தொடச்சுத் தொடச்சுக் கண்ணாடி மாதிரி வச்சிருக்கேன்.

— சாரி ஆத்தா.

— ராஜி, இந்தா மோரு. நீயும் எடுத்துக்கய்யா. வந்ததுல இருந்து ரெண்டு பேரும் மல்லுக்கு நிக்கிறீகளே, என்னாங்கிறேன்.

— மல்லுக்கெல்லாம் நிக்கல ஆச்சி. உங்க மகன் என் புள்ளியப் புடிச்சு இழுக்கச் சொல்றாரு, நான் மாட்டேங்கிறேன்.

— எந்தப் புள்ளி? இந்தப் பொட்டிக்குள்ள இருக்கே, அதா? இதுல நம்ம வீடு எது?

— இந்தா, இந்த நீளமா இருக்கிறது. இங்குட்டுக் கோவில் தெரு, அங்குட்டுச் சந்து.

— இம்புட்டூண்டுதேனா? கட்டுனவுக பாத்தா மயக்கம் போட்டு விழுந்திருப்பாக. செவப்பா பின்னாடி நாலு இருக்கே, அது என்ன?

— குடியிருக்கிறவுக ஆச்சி. இடியாப்பக்காரக் காளீஸ்வரி, துணி தேய்க்கிற முத்துமாரி, சுந்தரம் அண்ணன் வீடு, பூக்கட்டுற கருப்பி. செவப்புன்னா குடியிருக்காக. நீலம்னா லாட்ஜு, காபிக் கடை, பழைய சாமான் விக்கிற கடை. சாம்பல் கலருன்னா எடத்த விட்டுப் போனவுக, இல்ல போறேன்னு சொன்னவுக.

— நல்லாத்தேன் இருக்கு, கோலம் போட்ட மாதிரி. சரி, பேசுங்க. நான் இங்கேயே உக்காந்து பாக்குறேன். டி.வி.யில ஒண்ணுமில்ல.

— ஆத்தா, நீங்களே சொல்லுங்க. போன மழையில ரெண்டாங்கட்டு எப்படி ஒழுகுச்சு?

— சட்டி வச்சுப் புடிச்சேன். சட்டி பத்தல, பேசின் வச்சேன்.

— கேட்டீங்களா ராஜி? ஓடு மாத்த ஆள் இல்ல. பங்காளிங்க ஒருத்தர் சிங்கப்பூர், ஒருத்தர் கோயம்புத்தூர், ஒருத்தர் எங்க இருக்கார்னே தெரியல. இந்த வருஷம் வீட்டப் பாத்துக்கிற முறை யாரோடதுன்னு வாட்ஸாப்ல சண்டை போட்டாங்க. சண்டை முடியறதுக்குள்ள வருஷமே முடிஞ்சிருச்சு. உங்க ஊர்க்காரங்க ஒவ்வொருத்தரா காலேஜ் போய் ஜென்ட்ரிஃபிகேஷன்னு ஒரு வார்த்தை கத்துக்கிட்டு வர்றீங்க. லண்டன்ல பணக்காரன் வந்து ஏழைய வெளிய தள்றான், சரி, அதுக்கு மேப் போடுங்க. இங்க யாரை யார் தள்றா? நாங்க தள்றது வௌவால.

— இங்க வாங்க. இந்தக் கோட்டப் புடிச்சு மெதுவாத் தள்ளுங்க. இது வருசம். இந்தக் கடைசில பத்து வருசத்துக்கு முன்னாடி.

— தள்றேன். சந்து முழுக்க சிவப்பு.

— பூக்கட்டுறவுக, துணி தேய்க்கிறவுக, தட்டாசாரி பட்டறை, பணியாரம் சுடுறவுக. இப்ப இன்னுங் கொஞ்சம் தள்ளுங்க. முக்குல ஒரு நீலம் வருதா?

— வருது.

— அது மொத லாட்ஜு. நல்ல லாட்ஜுதேன், நான் குத்தம் சொல்லல. வீட்ட அழகா வச்சிருக்காக. இன்னும் தள்ளுங்க. எந்தச் செவப்பு மொதல்ல சாம்பலாகுதுன்னு பாருங்க.

— எதிர்ல இருக்கிறது.

— அதான். லாட்ஜுக்குள்ள குடியிருந்தவுக இல்ல. லாட்ஜுக்கு எதுத்தாப்ல இருந்தவுக. ஏன்னா முக்குல ஒரு காபிக் கடை வந்துச்சு. அதுக்கடுத்து பழைய சாமான் கடை. 'என் ரூமையும் கடைக்கு விட்டா என்ன'ன்னு வீட்டுக்காரவுகளுக்குத் தோணுது. வாடகைய ஏத்துறாக. கட்ட முடியாதவுக போறாக. நீலத்துக்குப் பக்கத்துல சாம்பல், சாம்பலுக்குப் பக்கத்துல மறுபடி நீலம். தண்ணி ஊறி வர்ற மாதிரி வருது. உங்க வீட்டுக்கு முந்துன வீடு வரைக்கும் வந்துருச்சு. வெளங்குதா?

— இது மார்க்கெட் ராஜி. யாரும் யாரையும் கழுத்தப் புடிச்சுத் தள்ளல.

— நானும் அப்பிடிச் சொல்லல. மார்க்கெட்டு எந்த வழியா நடந்து வருதுன்னு காட்டுறதுதேன் என் வேலை. முன்வாசல்ல புள்ளி வச்சா அது வர்றதே தெரியாது. ஏன்னா அது சந்து வழியா வருது.

— போனவங்க நல்லாத்தானே இருக்காங்க? அதக் காட்டுவீங்களா?

— காட்டியிருக்கேன். சாம்பல் மேல தட்டுங்க.

— கோடு ஒண்ணு புதுவயல் பக்கம் போகுது. 'கருப்பம்மாள், பணியாரம்.'

— நல்லாத்தேன் இருக்காக. முக்கு லாட்ஜ்ல காலையில வெள்ளைப் பணியாரம் போடுறாகளே, அது கருப்பம்மாக்கா சுட்டதுதேன். முன்னாடி சந்துல சுட்டு நடந்து கொண்டுபோய்க் குடுத்தாக. இப்பப் புதுவயல்ல சுட்டு ஷேர் ஆட்டோவுல அனுப்புறாக. வியாபாரம் கூடியிருக்கு, அதையும் எழுதியிருக்கேன். ஆறிப்போன பணியாரத்தத்தேன் திங்கிறாக வெள்ளக்காரவுக.

— அவன் என்னத்தக் கண்டான், சூடும் ஆறுனதும். சட்னிய ஊத்துனா சாப்புட்டுப் போறான்.

— ஆத்தா, சிரிக்காதீங்க, இவங்க இன்னும் ஜாஸ்தி பேசுவாங்க. ராஜி, இப்ப நான் ஒண்ணு சொல்றேன். நீங்க என்னைய என்னன்னு நெனச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். பெங்களூர்ல இருந்து கார்ல வந்து இறங்குன செட்டியார் வீட்டுப் பையன், பின்கட்டுல யார் இருக்காங்கன்னே தெரியாது. அப்படித்தான?

— தெரியாதுன்னு நெனக்கல. பாத்ததில்லன்னு நெனச்சேன்.

— முந்தாநாள் ராத்திரியே வந்துட்டேன். நேத்து பூரா சந்துலதான் இருந்தேன். நாலு வீட்லயும் உக்காந்து பேசினேன். நாலு வீட்லயும் காபி குடிச்சு வயிறு போச்சு.

— நேத்தா? நான் நேத்து ஆபீஸ்ல இருந்தேன். எனக்கு யாரும் சொல்லலையே.

— நான்தான் சொல்ல வேண்டாம்னேன். நீங்க வந்து நடுவுல நிப்பீங்கன்னு தெரியும். புதுவயல் ரோட்ல எங்க சித்தப்பாவோட வரிசை வீடு இருக்கு. நாலு பேருக்கும் அங்க வீடு. இங்க குடுக்கிற அதே வாடகை, அத ஏத்தக் கூடாதுன்னு எழுதியே வாங்கிக் குடுத்துட்டேன். காளீஸ்வரி அக்காவுக்கு ரோட்டுப் பக்கம் கடை போட இடம். இது தள்றதா?

— சொல்லுங்க, அவுக என்ன சொன்னாக?

— சரின்னாங்க.

— உங்ககிட்டச் சரின்னுதேன் சொல்லுவாக. வீட்டுக்காரவுக மகன் பாயில வந்து உக்காந்து கேட்டா யாரு மாட்டேம்பா?

— நான் அதையும் யோசிச்சேன். நீங்க அவங்க போனுக்கு ஒரு லிங்க் அனுப்பியிருக்கீங்கல்ல? அவங்களே பதில் மாத்தலாம்னு?

— ஆமா. அவுக தட்டுனா இங்க தன்னால கலரு மாறும். நான் கை வைக்கக்கூடாதுன்னுதேன் அப்பிடி வச்சேன்.

— என்கிட்டச் சொல்ல வேண்டாம், ராஜி அக்கா லிங்க்ல சொல்லுங்கன்னேன். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள. பிடிக்கலன்னா தட்டாதீங்கன்னும் சொன்னேன். இப்பத் திரும்பிப் பாருங்க.

— எதப் பாக்க?

— திரைய. ஓரமா இருக்கிறது.

— ஏ புள்ள, ஒண்ணு மாறிருச்சு. செவப்பா இருந்துச்சு, சாம்பலாயிருச்சே. எது அது?

— முத்துமாரி வீடு, ஆச்சி. 'விரும்பிப் போகிறோம்'னு தட்டியிருக்கு.

— துணி தேய்ச்சுக் குடுத்தாளே நேத்து. ஒரு வார்த்தை சொல்லல பாத்தியா.

— இதுக்கு முன்னாடியே சுந்தரம் அண்ணன் வீடும் மாறியிருக்கு. நம்ம பேசிக்கிட்டு இருந்ததுல நான் பாக்கல.

— ரெண்டு. ராஜி, நான் ஏமாத்தலங்கிறது இப்பத் தெரியுதா?

— ஏமாத்துனீகன்னு நான் சொல்லலையே. பேசாம இருங்க, வாய்ஸ் ஒண்ணு வருது. காளீஸ்வரி அனுப்பியிருக்கா.

— சத்தமா வைங்க. எல்லாரும் கேக்கலாம்.

— ராஜி, காளீஸ்வரி பேசுறேன். நான் தட்டிட்டேன், பூக்கட்டுற கருப்பிக்கும் சேத்து அவ போன்ல நாந்தேன் தட்டுனேன், அவ பக்கத்துலதேன் இருக்கா. யாரும் கட்டாயப்படுத்தல. புதுவயல்ல மில்லுக்கு எதுத்தாப்ல எடம். லாரிக்காரவுக ஒரு ஆளு உக்காந்தா ஒரு கூடை இடியாப்பம் காலியாகும். இந்தச் சந்துல என்னைய எல்லாரும் போட்டோப் புடிக்கிறாகளே ஒழிய, வாங்கித் திங்கிறது யாரு? நீ வருத்தப்படாத. ஒண்ணே ஒண்ணு, ஆச்சிகிட்ட நீயே சொல்லிரு. காலையில தட்ட எடுத்துக்கிட்டுப் பின்வாசல்ல வந்து நிப்பாக. எனக்கு மூஞ்சியப் பாத்துச் சொல்ல வாய் வரல.

— ...கேட்டீகளா ஆச்சி.

— கேட்டேன், கேட்டேன். காது நல்லாத்தேன் இருக்கு. கெட்டிக்காரி. லாரிக்காரன்கிட்ட வித்தா நல்லா வருவா.

— நாலும் சாம்பல். பாத்தீங்களா ராஜி, நீங்க நெனச்ச மாதிரி நடக்கல.

— நடக்கல. ஒத்துக்கிறேன். நீங்க ஒழுங்கா கேட்டிருக்கீக. இந்தத் தெருவுல வேற யாரும் இப்பிடிக் கேக்கல, அதையும் கூட்டத்துல சொல்றேன்.

— சொல்லுவீங்களா? நெஜமாவே?

— சொல்லுவேன். என் மேப்புல என் இஷ்டத்துக்குக் கலரு அடிக்க மாட்டேன். குடியிருக்கிறவுக சொல்றதுதேன் கலரு. எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு, அது வேற. இந்தச் சந்துல கடைசியா நெருக்கமா செவப்பு இருந்தது உங்க வீட்டுப் பின்கட்டுலதேன். அதுவும் போச்சு. ஆனா போறவுக சந்தோசமாப் போறாக. நான் மறிச்சு நிக்க முடியாது.

— அப்ப திங்கட்கிழமை இந்த வீடு?

— ஆளில்லாத வீடு. பின்வாசல் கணக்குலயும் ஆளில்ல, முன்வாசல் கணக்குலயும் ஆளில்ல. உங்களுக்கு அனுமதி கெடைக்கும்.

— தேங்க்ஸ் ராஜி. இப்பவே கம்பெனிக்கு ஒரு மெசேஜ் போட்டுடறேன். ஆத்தா, முடிஞ்சது. ஓடு, மரம், மராமத்து எல்லாம் அவங்க பாத்துப்பாங்க. நம்ம வீட்டுக் கல்யாணம்னா முன்கட்டும் வளவு முற்றமும் நமக்குத் திறந்து விடணும்னு ஒப்பந்தத்துலயே போட்டிருக்கேன். பங்காளிங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு, நீங்களும் போட்டாச்சு. இனிமே நீங்க பேசின் வச்சுத் தண்ணி புடிக்க வேண்டாம்.

— நல்லதுய்யா. உன்னப் பெத்த அப்பச்சி இருந்திருந்தா உன் முதுகத் தட்டிக் குடுத்திருப்பாக. ராஜி, இங்குட்டு வா. அந்தப் பொட்டியில நம்ம வீட்ட மட்டும் பெருசாக்கு.

— ஆக்கிட்டேன் ஆச்சி.

— இன்னும் கொஞ்சம். ஆங். இதுல அடுப்படி எங்குட்டு இருக்கு?

— இந்தா, பின்வாசல ஒட்டி. இந்த நாலு புள்ளிக்கும் நடுவுல.

— அங்க ஒண்ணையுங் காணோமே.

— அங்க யாரும் வாடகைக்கு இல்லையே ஆச்சி.

— வாடகைக்கு இல்ல. அங்க படுத்து எந்திரிக்கிறது யாரு?

— ...நீங்கதேன்.

— சமைக்கிறது, துணி ஒணத்துறது, சந்துல நின்னு காளீஸ்வரிகிட்ட ஊர்க்கதை பேசுறது? இந்த முன்கதவ நான் தொறந்து எத்தன காலமாச்சுன்னு அந்தப் பூட்டக் கேளு. இவன் வந்துதேன் இன்னைக்கு எண்ணெய் போட்டுத் தொறந்தான்.

— ஆச்சி, என் மேலதேன் தப்பு. நீங்க வீட்டுக்காரவுக. உங்கள முன்வாசல் ஆளுன்னே நெனச்சுட்டேன். அடுப்படியில உங்கள நூறு தடவ பாத்திருக்கேன், உங்க கையால வாங்கித் தின்னிருக்கேன், அப்பவும் எண்ணணும்னு தோணல.

— அப்ப முன்வாசல் கணக்குல நான் இருக்கேனா?

— இல்ல. அதுல பூட்டிக் கெடக்குன்னு இருக்கு.

— ஆத்தா, இதுல என்ன இருக்கு? நீங்கதான் என்கூட பெங்களூர் வரப் போறீங்களே. ரூம் ரெடியா இருக்கு. பால்கனி வச்ச ரூம். தீக்ஷா உங்களுக்குன்னு செடியெல்லாம் வாங்கி வச்சிருக்கா.

— மருமக தங்கமான பொண்ணு. எனக்கு ஒரு கொறையும் வைக்க மாட்டா. நான் எப்பய்யா வர்றேன்னு சொன்னேன்?

— சொல்லலையா? கையெழுத்துப் போட்டீங்களே.

— அது கட்டடத்துக்குப் போட்டது. பங்காளிகளுக்கு நடுவுல உன்னைய ஒத்தையா நிறுத்தக்கூடாதுன்னு போட்டேன். அதுல குடியிருக்கிற ஆளப் பத்தி ஒரு வரியும் இல்ல, நான் வாசிச்சுட்டுத்தேன் போட்டேன்.

— ஆத்தா, காளீஸ்வரி அக்காவே போறாங்க. சந்துல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. நீங்க இங்க தனியா என்ன பண்ணுவீங்க?

— புதுவயல் என்ன சீமையிலயா இருக்கு? அந்தப் பணியாரம் வர்ற ஆட்டோவுல இடியாப்பமும் ஏறி வரட்டும். கோவிலுக்குப் போவேன், சாயங்காலம் காபிக் கடையில போயி உக்காருவேன். அங்க கூட்டமா வெள்ளக்காரன் இருக்கான், பேச்சுக்கா பஞ்சம்?

— நீங்க விளையாடுறீங்க. ஒரு ஆள் மாட்டேன்னாலும் அனுமதி நின்னுடும். இவ்வளவு தூரம் வந்தப்பறம்...

— நீ நேத்து நாலு வீட்ல பாயில உக்காந்து கேட்டேல்ல? நல்லாக் கேட்டிருக்க. எனக்குப் பெருமையா இருக்கு. அந்த நாலு வீட்டுக்கும் அடுப்படிக்கும் நடுவுல ஒரு செவுருதேன்யா. அஞ்சாவதா ஏன் வந்து உக்காரல?

— உங்களக் கேக்கணும்னே தோணல ஆத்தா.

— ராஜி, நீ சொல்லு. சந்துல ஒவ்வொரு வீடா போயி என்ன கேப்ப? அதே மாதிரி என்கிட்டயும் கேளு. ஆச்சின்னு பாக்காம ஒழுங்காக் கேளு.

— சரி ஆச்சி. இந்த எடத்துல எப்பயிருந்து குடியிருக்கீக?

— இவன் அப்பச்சி தவறுனதுல இருந்து அடுப்படியிலதேன் படுக்கை.

— போக்குவரத்து எந்த வாசல் வழியா?

— பின்வாசல்.

— கடைசிக் கேள்வி. விரும்பிப் போறீகளா, போகச் சொன்னதால போறீகளா?

— போகல. செவப்பு வையி.